மகளுக்குச் சொந்த நாகஸ்வரம்: எதைப் பார்த்து வாங்குவது?

கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினேழு வயது. மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் நாகஸ்வரத்தை எடுத்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதும் எனக்கோ, என் மனைவிக்கோ, எங்கள் இரு பக்கத்துப் பெரியவர்களுக்கோ இந்த வாத்தியத்தோடு எந்தப் பழக்கமும் கிடையாது. பரம்பரையாக வாசிக்கும் வீடுகளில் தாத்தாவின் நாயனம் உறையில் இருக்கும். எந்தப் பட்டறைக்குப் போக வேண்டும், யாரிடம் வாயில் வைத்து ஊதும் சீவாளி வாங்க வேண்டும் என்று சொல்லப் பெரியப்பாவோ மாமாவோ இருப்பார்கள். எங்களுக்கு அப்படி யாரும் இல்லாததால் இங்கே சற்று விரிவாகவே கேட்கிறேன்.

இதுவரை அவள் தன் ஆசிரியர் இரவலாகக் கொடுத்த பாரி என்னும் நீண்ட வகை நாயனத்தில்தான் பழகிவந்தாள். இன்னொரு மாணவருக்கும் அது தேவைப்பட்டதால், தை மாதத்தில் நகரத்தில் உள்ள ஒரு வாத்தியக் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் கண்ணாடிபோல் மெருகேற்றி, பித்தளைப் பூண் போட்டிருந்த ஒரு நாயனத்தை எடுத்து, மோகனத்தை ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டினார். கடைக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். அவ்வளவு இனிமையாக இருந்தது. மகள் கூச்சத்தோடு நாலு ஸ்வரம் ஊதிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் ஆசிரியர் அதை வாங்கிச் சிறிது நேரம் வாசித்தார். பிறகு எதுவும் சொல்லாமல் அவளிடமே கொடுத்துச் சங்கராபரணம் வாசிக்கச் சொன்னார். மத்தியமம் என்னும் ‘ம’ வரும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கியது. மேல் ஷட்ஜமும் கீழ் ஷட்ஜமும், அதாவது இரண்டு ‘ச’வும், ஒன்றோடொன்று சேரவில்லை என்றும் ஆசிரியர் சொன்னார். கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அவர் வாசித்தபோது நன்றாக ஒலித்த அதே வாத்தியம் என் மகள் வாசிக்கும்போது ஏன் ஒலிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆசிரியருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. நெடுந்தூரம் பயணம் செய்ய இயலாது. நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைக்கு நீங்களே போய் வாருங்கள் என்கிறார். அங்கே போனால் எதைச் சோதிக்க வேண்டும்? பாரிதான் வாங்க வேண்டுமா, பெண்பிள்ளை என்பதால் நீளம் குறைந்த திமிரி போதுமா? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று படித்தேன். அதைக் கேட்டு வாங்கினால் தரத்துக்கு உறுதி உண்டா? இரண்டாவது முறையும் ஏமாற எங்களுக்கு வசதியில்லை.

அர்த்தசாமம் எழுதியது:

ஐயா, வணக்கம். காவிரிக் கரையில் ஒரு சிவன் கோயிலில் முப்பது ஆண்டுகளாக நாயனம் வாசித்துவருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமாக இருந்தது. கடையில் வாசித்துக் காட்டியவர் மோகனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மோகனத்தில் மத்தியமமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. எந்த ஸ்வரம் அந்த வாத்தியத்தில் கோணலாக இருந்ததோ, அந்த ஸ்வரமே தலைகாட்டாத ராகத்தை அவர் வாசித்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரா, பழக்கத்தில் அதுதான் கைக்கு வந்ததா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் இனி யாராவது வாத்தியத்தைக் காட்ட மோகனமோ ஹம்ஸத்வனியோ வாசித்தால், கேட்டு ரசித்துவிட்டு, அதன் பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

அவர் கையில் பேசியது மகள் கையில் ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வாத்தியத்தை வாங்குவதில் உள்ள சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. வீணையில் விரல் அழுத்தும் மெட்டு எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஸ்வரம் பிறக்கும். மெட்டு தவறினால் எவ்வளவு பெரிய வித்வான் மீட்டினாலும் தவறு காதில் விழும். நாயனத்தில் அப்படி இல்லை. விரல் துளைகள் ஏழுதான். அவற்றைக் கொண்டு பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட கமகங்களையும் கொண்டுவர வேண்டும் என்றால், பாதி வேலையை விரலும் மீதியை உதடும் மூச்சும் செய்தாக வேண்டும். சீவாளியை உதட்டால் சற்று இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தேர்ந்த கைக்காரர் எந்தக் குறையையும் தன்னையறியாமலே உதட்டால் இழுத்துச் சரிசெய்து வாசித்துவிடுவார். ஆகவே அவர் வாசித்துக் காட்டியதில் நீங்கள் கேட்டது அவருடைய பல வருடப் பழக்கத்தை, வாத்தியத்தை அல்ல. மகள்தான் ஊத வேண்டும், அதுவும் உதட்டால் திருத்த முயலாமல், இயல்பான மூச்சில் ஊத வேண்டும். அலைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு சோதிக்கும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. முள் நடுவில் நின்றால் வாத்தியம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாக அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால், அந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை.

போகும்போது மகள் தினமும் பயன்படுத்தும் சீவாளிகள் மூன்று நான்கையும், அவற்றைப் பொருத்தும் சிறு உலோகக் குழலான கெண்டையையும் கட்டாயம் கொண்டு போகட்டும். கொறுக்கைத் தட்டையில் செய்யப்படும் சீவாளி ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாகப் பழகுகிறது. பட்டறையில் கொடுக்கும் புதுச் சீவாளியைக் கொண்டு புது வாத்தியத்தை ஊதினால், எது பேசுகிறது, எது பேச மறுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழகிய சீவாளி இருந்தால், மாறியிருப்பது உலவு என்னும் மரக்குழல் ஒன்றுதான் என்பதால் குறையும் நிறையும் அதனுடையவை என்று தெளிவாகும்.

எடுத்த எடுப்பில் முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்திருக்கும் வாத்தியம் சுருதி தாழ்ந்து பேசும். மூச்சின் சூடு ஏறிய பிறகுதான் அதன் உண்மையான சுருதி தெரியும். கால் மணி நேரமாவது ஊதிவிட்டுச் சுருதிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் ஷட்ஜத்தை நீளமாகப் பிடித்து நிற்கட்டும். பிறகு சங்கராபரணத்தையும் கல்யாணியையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கட்டும். இந்த இரண்டுக்கும் மத்தியமம் ஒன்றுதான் வேறுபாடு. சங்கராபரணத்தில் தாழ்ந்த ‘ம’வான சுத்த மத்தியமம் தானாக வந்து உட்கார வேண்டும். கல்யாணியில் சற்று உயர்ந்த பிரதி மத்தியமத்துக்கு அதிகமாகப் போராடக் கூடாது. ஒன்று எளிதாக வந்து மற்றொன்றுக்கு மூச்சு திணறினால், அந்தத் துளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்ததாக, ஒரே விரல் வைப்பில் கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் மாறி மாறி ஊதிப் பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்தால் உள்துளை நன்றாகக் கடையப்பட்டிருக்கிறது. சேராவிட்டால் அந்த நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விரல் துளையில் உள்ள பிழையை மெழுகால் சரிசெய்யலாம். உள்துளையில் உள்ள பிழையோடு ஆயுள் முழுவதும் போராட வேண்டியிருக்கும்.

நீங்கள் அருகில் நிற்காதீர்கள். முப்பது நாற்பது அடி தள்ளி, முடிந்தால் தெருவில் நின்று கேளுங்கள். பக்கத்தில் காதைத் துளைக்கும் வாத்தியம் தூரத்தில் மெலிந்துபோவதும், பக்கத்தில் சாதுவாக இருப்பது தூரத்தில் நிறைந்து ஒலிப்பதும் உண்டு. கோயிலில் சுவாமி புறப்படும்போது வாசிப்பது தெருக்கோடியில் நிற்பவருக்கும் கேட்பதற்காகத்தான்.

பாரியே வாங்குங்கள் என்பது என் கருத்து. இன்றைக்குக் கச்சேரியிலும் திருமணத்திலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியுள்ள பாரிதான் நடைமுறையில் இருக்கிறது. பெண்பிள்ளை என்பதற்காகத் திமிரி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசல் எழுதியது:

எங்கள் தாத்தாவும் அப்பாவும் நாயனம் கடைந்தவர்கள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் விடுமுறை நாள்களில் பட்டறையில்தான் இருப்பேன். வித்வான் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன்; செய்கிறவர்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்டறையில் எல்லோரும் முதலில் பேசுவது அதைத்தான். உலவுக்கு ஆச்சா மரம், அடியில் விரியும் அணசுக்கு வாகை என்பது வழக்கம். ஆச்சாவிலும் நேற்று வெட்டியது உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், சட்டம் ஆகியவற்றை வாங்கி வந்து, அறுத்து, மேலும் காயப்போட்டுத்தான் கடைசலில் ஏற்றுவோம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஈரமுள்ள மரத்தில் துளை போட்டால் அது காயும்போது சுருங்கும். சுருங்கும்போது உள்துளையின் வட்டம் நீள்வட்டமாகும், சில வேளைகளில் உலவே நீளவாக்கில் விரியும். நாயனத்தின் உள்துளை மேலே குறுகியும் கீழே போகப் போக விரிந்தும் இருப்பது. அந்த விரிவில் மயிரிழை மாறினாலும் மேல் ஸ்தாயி விலகிப்போகும். ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒரு வீட்டின் கூரையைத் தாங்கிய மரம் இனிமேல் சுருங்குவதற்கு ஒன்றும் இல்லை. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல்லிலேயே ஒரு நாகஸ்வரம் இருக்கிறது. சுருங்காது, விரியாது, ஆனால் அதைத் தூக்கிப் பிடித்து வாசிப்பவரின் கையை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது அணசைக் கழற்றச் சொல்லி, உலவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். உட்சுவர் வழவழப்பாக, வளையம் வளையமான தடங்கள் இல்லாமல், வெளிச்சம் ஒரே சீராக ஓட வேண்டும். வெளியே மரத்தின் ரேகை நேராக ஓடுகிறதா, முடிச்சு ஏதாவது துளைக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். மெருகு கனமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பழைய ஆணித்துளையை அடைத்த இடமும் மெல்லிய கீறலும் அதற்கடியில் ஒளிந்திருக்கக்கூடும். வெள்ளிப் பூண், பித்தளைப் பூண் எல்லாம் அழகுக்கு. அவற்றுக்காகக் கொடுக்கும் காசு ஒலியில் சேராது.

புவிசார் குறியீடு 2022ஆம் ஆண்டில் கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது இந்த ஊரில் இந்த முறையில் செய்யப்படுகிறது என்பதற்கான சட்டப் பாதுகாப்பே தவிர, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வாத்தியத்தின் மத்தியமத்துக்கு யாரும் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. ஒரே மரத்திலிருந்து, ஒரே கையால், ஒரே வாரத்தில் கடைந்த இரண்டு நாயனங்களில்கூட ஒன்று உயர்ந்ததாகவும் மற்றது சுமாராகவும் அமைவதை நான் கண்டிருக்கிறேன்.

பாரி எப்படி வந்தது என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் வாத்தியம் வாங்குவது எப்படி என்பதும் அதில் இருக்கிறது. முன்பு வழக்கில் இருந்த திமிரியில் சுத்த மத்தியமம் துல்லியமாக நிற்காது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளை மாற்றி அமைத்து, சுருதி தாழ்ந்த, மத்தியமம் சரியாகப் பேசும் பாரியை உருவாக்கினார். திருவாவடுதுறைக்கும் நரசிங்கம்பேட்டைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஊதிப் பார்ப்பவரும் கடைபவரும் இவ்வளவு அருகில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம். நீங்களும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எண்ணாமல், இரண்டு முறை வர நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் விரல் துளைகளை முதலில் சற்றுச் சிறிதாகவே போடுவோம். பெரிதாக்கினால் ஸ்வரம் ஏறும். தேவைப்படும் அளவுக்கு மெல்ல மெல்ல அகலப்படுத்தலாம். அதிகமாகிவிட்டால் மெழுகு வைத்துத்தான் இறக்க வேண்டும். விரல் துளைகளுக்குக் கீழே பக்கங்களிலும் அடியிலும் இருக்கும் ஐந்து துளைகளும் அலங்காரத்துக்கு அல்ல. அவற்றில் மெழுகைக் கூட்டியும் குறைத்தும் ஆதார சுருதியைச் சீர்ப்படுத்துகிறோம். வாசிக்கப்போகும் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த வேலை ஒரு மாலையில் முடியும். தொலைபேசியில் சொல்லி அனுப்பினால் ஒரு வருடமானாலும் முடியாது.

தயவுசெய்து வீட்டில் அரத்தை எடுத்துத் துளையைத் தேய்க்காதீர்கள். அப்படிக் கெட்டுப்போய் எங்களிடம் வந்த வாத்தியங்களுக்குக் கணக்கில்லை.

இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே வாங்கிய நாயனத்தை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம். மேலும் கீழும் ஷட்ஜம் சேரவில்லை என்றால் உள்துளைதான் குற்றவாளி என்று வித்வான் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கெண்டையின் நீளமும் அகலமும் அந்த உலவுக்குப் பொருந்தாவிட்டாலும் இதே கோளாறு வரும். கடைகளில் எல்லா நாயனத்துக்கும் ஒரே மாதிரிக் கெண்டையைச் செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அர்த்தசாமம் எழுதியது:

கெண்டையைப் பற்றித் தம்பி சொல்வது சரி. நான் அதை விட்டுவிட்டேன். சொந்தக் கெண்டையைக் கொண்டு போகச் சொன்னதும் அதனால்தான் என்றாலும் காரணத்தை எழுதவில்லை.

அளவெட்டியான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். நாதஸ்வர வித்வான் என். கே. பத்மநாதன் பிறந்து வாசித்த அளவெட்டியைச் சேர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் நாதஸ்வரம் வாசிப்போர் நிறைய. வாத்தியத்துக்கு மட்டும் பெரும்பாலும் கடல் தாண்டி உங்கள் ஊருக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பட்டறைக்கு இரண்டு முறை வாருங்கள் என்று எழுதுவது எளிது. எங்களில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை வருவதே பெரிய காரியம். அதனால் எங்கள் வழக்கங்கள் சற்று வேறுபட்டவை, அவற்றில் சில உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, சோடி. உங்கள் மகள் தனியாக வாசிக்கப்போவதில்லை. இன்றைய வழக்கில் மேடையில் இரண்டு நாதஸ்வரம் இருக்கும். இரண்டும் ஒரே கட்டை என்று சொன்னால் போதாது. ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மந்தமாகவும் ஒலித்தால், இரண்டும் சுருதி சேர்ந்திருந்தாலும் கேட்பவருக்கு ஏதோ இடறிக்கொண்டே இருக்கும். அவள் யாரோடு சேர்ந்து வாசிக்கப்போகிறாள் என்பது இப்போதே தெரிந்தால், அந்தப் பிள்ளையையும் வாத்தியத்தோடு அழைத்துப்போங்கள். எங்கள் நல்லூர் முருகன் கோயிலில் இருபத்தைந்து நாள் திருவிழா. பொருந்தாத சோடியோடு ஒரு திருவிழாக் காலம் முழுவதும் வாசித்த அனுபவம் எனக்கு உண்டு. ஒவ்வொரு நாளும் என் உதடுதான் கூலி கொடுத்தது.

இரண்டாவது, திமிரியைப் பற்றி. வித்வான் ஐயா பாரியே வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெண் என்பதற்காகத் திமிரி என்பது தவறான காரணம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையின் அளவு என்று ஒன்று இருக்கிறது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பாரி ஏறக்குறைய இரண்டரை அடி நீளம். கீழ்க்கையின் சுண்டுவிரல் கடைசித் துளையை முழுவதும் மூட வேண்டும். விரல் எட்டாமல் மணிக்கட்டை வளைத்து வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளில் கைவலி வந்துவிடுகிறது. உங்கள் மகள் ஏற்கெனவே பாரியில் பழகிவிட்டாள் என்பதால் அவளுக்கு இது இடராக இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் புது வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் ஊதாமலே விரல்களை மட்டும் வைத்துப் பார்க்கட்டும். எட்டாவிட்டால் இடைப்பாரி என்று நடுத்தரமான ஒன்றும் இருக்கிறது. அதோடு, திறந்த வெளியில் சுவாமியின் முன்னால் மல்லாரி வாசிக்கும்போது திமிரியின் கூர்மைக்கு ஈடு இல்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படியே எண்ணுகிறேன்.

மூன்றாவது, பழைய வாத்தியம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனெனில் எங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. வாசிப்பதை நிறுத்திவிட்ட ஒரு கலைஞரின் வீட்டில் நல்ல நாதஸ்வரம் உறங்கிக்கொண்டிருக்கலாம். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், துளைகள் திருத்தப்பட்டிருக்கும். ஆனால் நீண்ட காலம் ஊதப்படாத வாத்தியத்தை வாங்கிய அன்றே மணிக்கணக்கில் ஊதக் கூடாது. மூச்சின் ஈரம் உள்ளே மட்டும் ஏறி, வெளிப்புறம் காய்ந்தே இருந்தால் மரம் விரிந்துவிடும். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது நிமிடம் என்று பழக்க வேண்டும். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்துவிட வேண்டும். புது வாத்தியத்துக்கும் இதே கவனம் தேவை. இன்னொரு தொல்லையும் உண்டு: பழைய வாத்தியம் முந்தைய உரிமையாளரின் வாய்க்கும் விரலுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டிருக்கும். அவருடைய மெழுகை அகற்றிவிட்டுத்தான் உங்கள் மகள் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும்.

சீவாளிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். வாத்தியம் ஒருமுறைச் செலவு. சீவாளி வாழ்நாள் செலவு. திருவாவடுதுறைப் பக்கம் போகும் யாரிடமாவது சொல்லி ஒரு கட்டாக வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பத்தில் நான்கு நன்றாகப் பேசினால் அது நல்ல கட்டு.

கணக்கர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளையும், அவளோடு இசைப்பள்ளியில் வாசிக்கும் இன்னொரு மாணவியையும் அழைத்துக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போய் வந்தோம். நடந்ததை எழுதுவதாக மகளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பட்டறையில் ஐந்து பாரிகளை எடுத்து வைத்தார்கள். எனக்குப் பார்வைக்குப் பிடித்தது மூன்றாவது. மகளின் கை இரண்டாவதையும் ஐந்தாவதையும் விட்டு அகலவில்லை. நான் தெருவில் போய் நின்றேன். நாற்பது அடி தள்ளி நின்றபோது, அருகில் எனக்கு மந்தமாகத் தோன்றிய இரண்டாவது வாத்தியம்தான் நன்றாகக் கேட்டது. இசை தெரியாத எனக்கே அந்த வேறுபாடு புலப்பட்டது வியப்பாக இருந்தது. சங்கராபரணத்தில் இரண்டும் தேறின. கல்யாணியில் ஐந்தாவது அவளைச் சற்றுத் திணற வைத்தது. உடன் வந்த மாணவி தன் வாத்தியத்தை எடுத்துச் சேர்ந்து வாசித்ததும் பட்டறைக்காரரே இரண்டாவதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். முன்பணம் கொடுத்திருக்கிறோம். மத்தியமத்துளையையும் நிஷாதத்துளையையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கிறேன், இரண்டு மாதம் கழித்து மரம் இவள் மூச்சுக்குப் பழகிய பிறகு வாருங்கள், அப்போது தேவையென்றால் தொடலாம் என்றார்.

கடையில் வாங்கிய நாயனத்தையும் காட்டினோம். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து வேறொரு கெண்டையை எடுத்துப் பொருத்தி ஊதச் சொன்னார். மேல் ஷட்ஜமும் கீழ் ஷட்ஜமும் முழுவதும் சேரவில்லை என்றாலும், முன்பைவிட வெகுவாக நெருங்கிவந்தன. மத்தியமத்துளையின் மேல் விளிம்பில் மிளகளவு மெழுகு வைத்தார். கெண்டைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். மேடைக்கு ஆகாது, அதிகாலைச் சாதகப் பயிற்சிக்கு ஆகும் என்றார்.

மகள் இப்போது அதில் தினமும் சங்கராபரணம்தான் வாசிக்கிறாள். மோகனம் வாசிக்கச் சொன்னால் சிரிக்கிறாள். அளவெட்டி ஐயாவுக்கு ஒரு கேள்வி: சீவாளிக் கட்டை எதில் போட்டு வைப்பீர்கள்? எங்கள் ஊர் வெயிலில் சென்ற முறை வாங்கியவற்றில் இரண்டு வெடித்துவிட்டன.

அளவெட்டியான் எழுதியது:

மகிழ்ச்சி. காற்றுப் புகும் மரப்பெட்டியில், பருத்தித் துணியில் சுற்றி வைப்போம்; பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படும் சன்னலோரத்தில் வேண்டாம். ஊதுவதற்கு முன் வாயில் வைத்து நன்றாக ஈரப்படுத்திய பிறகே கெண்டையில் பொருத்தச் சொல்லுங்கள். காய்ந்த சீவாளியை அழுத்திச் செருகும்போதுதான் பெரும்பாலும் வெடிக்கிறது.